ஜனாஸாவுக்குப் பிறகு: முன்னாள் படைவீரர் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

(நங்கநல்லூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





பரங்கிமலை ராணுவ அகாடமி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மவுத்தானால், குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுது, சில மணி நேரத்தில் அடக்கம் செய்துவிடுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், அதில் குறையில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அரசிடமிருந்து வர வேண்டிய ஹக் என்ன, அதை எப்படிக் கேட்பது என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கு அரசே அடக்க இடமும் பெயர்க் கல்லும் தருகிறது. நம் நாட்டில் அப்படி ஏற்பாடு இல்லை. நந்தம்பாக்கத்தில் நாம் பார்க்கும் போர்க் கல்லறை, இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1952-ல் அமைந்தது. 1948-ல் நவ்ஷேரா பகுதியில் ஷஹீதான பிரிகேடியர் முஹம்மது உஸ்மானின் ஜனாஸாவுக்குப் பிரதமர் நேருவே வந்தார். அவரும் டெல்லி ஜாமியா மில்லியா மையவாடியில்தான் அடங்கியிருக்கிறார். ஆக, கபர் ஜமாஅத்தின் பொறுப்பு. அரசின் உதவி பெரும்பாலும், பின்னால் நிற்கும் மனைவி மக்களுக்கானது. அதைப் பெற நான்கு காரியங்கள் உண்டு.

ஒன்று, இறப்புப் பதிவு. வீட்டில் மவுத்தானாலும் மருத்துவரை அழைத்துச் சான்று வாங்கிய பிறகே அடக்கத்துக்குப் புறப்படுங்கள். 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. 30 நாள் தாண்டினால் அதிகாரியின் அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் அடுத்த எந்த வேலையும் நகராது.

இரண்டு, குடும்ப ஓய்வூதியம். ஓய்வூதியம் பெற்றவர் மவுத்தான மறுநாளிலிருந்து அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சாதாரணமாக அது கடைசி ஊதியத்தில் 30 சதவீதமும் அகவிலைப்படியும். பாதுகாப்புத் துறையின் ‘ஸ்பர்ஷ்’ இணையதளத்தில் இருப்பவர்கள் அதிலேயே இறப்பைத் தெரிவிக்கலாம். வங்கி மூலம் வாங்கியவர்கள் வங்கிக்கு எழுதித் தர வேண்டும்.

மூன்று, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஈமச்சடங்கு நிதியுதவிக்கு இங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். கைம்பெண்ணுக்கான அடையாள அட்டையும் இங்கேதான். இந்தத் தொகை பிறகு வருவது. அதை எதிர்பார்த்து மய்யித்தை வைத்துக் காத்திருக்கக் கூடாது. நம் ஆலந்தூர் வட்டம் 2018-ல்தான் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. அதற்கு முன் பதிவு செய்தவர்களின் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

சிலர் ஓய்வூதியத்துக்கு வேண்டிய ஆண்டுகள் முடிவதற்குள் படையை விட்டு வந்திருப்பார்கள். அவர்களிலும், அவர்களுடைய கைம்பெண்களிலும், ஹவில்தார் தகுதி வரையிலும் 65 வயதைக் கடந்த ஏழைகளுக்கு, பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்து மாத உதவி உண்டு. 4,000 ரூபாயாக இருந்த அது, 2025 நவம்பர் முதல் 8,000 ஆகியிருக்கிறது. இதற்கும் வழி அதே அலுவலகம்தான்.

நான்கு, பெயர். நம் சமுதாயத்துக்கு இதுதான் பெரிய சிக்கல். ராணுவப் பதிவில் ‘பீ’, ஆதாரில் ‘பீவி’, நிக்காஹ் பதிவேட்டில் ‘பேகம்’ என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர் இருக்கும். ‘முஹம்மது’ என்பதை எத்தனை விதமாக எழுதுகிறோம்! கணவர் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற திருத்தம், அவர் போன பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை அந்தப் பெண் எதை வைத்து வீட்டை நடத்துவார்? ஓய்வூதிய ஆணையில் உங்கள் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதா, ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.

மார்க்க ரீதியாகவும் சிலர் கேட்கிறார்கள். இந்தப் பணத்தை வாங்கலாமா? இது ஸதகா அல்ல. அவர் செய்த பணிக்காக அரசு விதித்திருக்கும் உரிமை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாரிசுகள் பங்கு கேட்கலாமா? மவுத்தான நாள் வரை அவருக்குச் சேர வேண்டிய பாக்கித் தொகை அவருடைய சொத்து. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக மீதியை வாரிசுகள் பங்கிட வேண்டும். குடும்ப ஓய்வூதியம் அப்படியல்ல. அது மனைவியின் பெயரில் அரசு தருவது. மகன்கள் அதில் கை வைக்கக் கூடாது. சந்தேகமிருந்தால் ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 10-ஆம் தேதி ஒருவர் மவுத்தாகி, தகவல் போகாததால் முழு மாத ஓய்வூதியமும் கணக்கில் ஏறிவிட்டால், 11-ஆம் தேதி முதல் உள்ள தொகை அவருடையதல்ல. அது அமானத். அவருடைய ஏடிஎம் கார்டை வைத்து மாதாமாதம் எடுப்பது மோசடி. அரசு பின்னால் வசூலிக்கும். அல்லாஹ்விடமும் பதில் சொல்ல வேண்டும்.

இத்தாவில் நான்கு மாதம் பத்து நாள் இருக்கும் பெண்ணை அலுவலகம் அலுவலகமாக அலைய விடாதீர்கள். மகனோ மருமகனோ சகோதரனோ தாள்களைச் சுமந்து நடக்கட்டும். ஆள் இல்லாத வீடு என்றால் எங்களிடம் சொல்லுங்கள். அறக்கட்டளையிலிருந்து ஒருவர் கூடவே வருவார். இதற்குக் கட்டணம் கிடையாது, இடைத்தரகருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

ஓய்வூதிய ஆணை, பணி விடுவிப்புப் புத்தகம், அடையாள அட்டை, நிக்காஹ் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம். இந்த ஆறையும் ஒரே பையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லி வையுங்கள்.

மவுத் எல்லோருக்கும் வரும். நாம் போன பிறகு நம் வீட்டார் யாரிடமும் கையேந்தாமல் இருக்க, நம்மால் ஆனதை இப்போதே செய்வோம். அல்லாஹ் நம் மர்ஹூம்களின் கபர்களை விசாலமாக்குவானாக. அவர்கள் விட்டுச் சென்ற குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.