எந்தப் பட்டணத்தில் குடியேறுவது?



உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், எஞ்சிய ஆயுளைச் சென்னையில் கழிப்பதா, பெங்களூரில் கழிப்பதா என்று சென்ற வாரம் என்னிடம் ஆலோசனை கேட்டபோது, வீட்டு விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "குழாயில் வரும் ஜலம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள்" என்றேன்.

கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே, பெரிய நதி எதுவும் தீண்டாத மேட்டு நிலத்தில் அமைந்த பெங்களூர், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காவிரியின் நீரை மூன்று கட்டங்களாக மேலேற்றித்தான் தன் தாகத்தைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை இரவையும் புழுக்கமின்றிக் கழிக்கச் செய்யும் அதன் சீதோஷ்ணத்துக்கும் அதே உயரம்தான் காரணம்.

சென்னையோ, பருவமழையை எதிர்பார்த்துப் பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் காத்திருக்கும் சமுத்திர தீரம். 2015-ல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததையும், 2019-ல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் கண்டவர்கள் நாம். விடியுமுன்னே எங்கள் தெருவில் வரிசையாக நின்ற பச்சையும் நீலமுமான பிளாஸ்டிக் குடங்கள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன. ஆயினும், வெயிலில் தகித்த நிலத்தின் காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஓடி வரும் குளிர்ந்த காற்று, பிற்பகலில் ஜன்னல் திரையை மெல்ல அசைக்கும் அந்த க்ஷணத்துக்கு ஈடாக எந்த மலைக்குளிரையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு மாதமும், அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மாதமும் இங்கே வாடகைக்கு இருந்து பார்க்கும்படி நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.