சிறையிலிருந்து வந்த மகிழ்ச்சிக் கடிதம்

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

'துன்பத்திலும் மகிழ்ச்சி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கொடுப்பது எளிது, பேசுவதுதான் கடினம். விடிந்தது முதல் மடியில் சுளகை வைத்து ஆயிரம் பீடி சுற்றி முடித்துவிட்டு, முதுகு வலியோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார் உண்டு. மகளின் நகையை அடகு வைத்து மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய தகப்பன்மார் உண்டு. வாரம் தவறாமல் வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும் வீடுகளும் நம் பங்கில் உண்டு. இவர்களைப் பார்த்து 'மகிழுங்கள்' என்று மேடையில் நின்றுகொண்டு சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆகவே, அப்படிச் சொல்லத் தகுதியுள்ள ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன். அவர் புனித சின்னப்பர். நம் பிள்ளைகள் பவுல் என்பார்கள். பெரியவர்களுக்கு அவர் என்றும் சின்னப்பர்தான்.

பிலிப்பி நகரத்து விசுவாசிகளுக்கு அவர் எழுதிய திருமுகம் நான்கே அதிகாரம் கொண்டது. மகிழ்ச்சி என்னும் சொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதிய இடமோ சிறைக்கூடம். விடுதலையா, மரணமா என்று தெரியாத நிலையில் எழுதியது. அதைப் பெற்றவர்களும் அவரது பாடுகளைக் கண்ணால் கண்டவர்கள். அவர் முதன்முறை அந்நகருக்குச் சென்றபோது, அவரையும் சீலாவையும் உடையைக் கிழித்துத் தடியால் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி உட்சிறையில் அடைத்தார்கள். நள்ளிரவில் இருவரும் இறைவனைப் புகழ்ந்து பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, சிறைக்காவலன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான்.

இது வரையில் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். மறுநாள் காலையில் நடந்ததைத்தான் அதிகம் கேட்பதில்லை. நகரத் தலைவர்கள் ஆள் அனுப்பி, போகலாம் என்று சொல்லச் செய்தார்கள். சின்னப்பர் போகவில்லை. உரோமைக் குடிமக்களான எங்களை விசாரணையின்றி எல்லார் முன்னிலையிலும் அடித்துவிட்டு, இப்போது யாரும் அறியாமல் வெளியே அனுப்புவதா, அவர்களே நேரில் வரட்டும் என்று சொல்லிவிட்டார். அவர்கள் பயந்துபோய் வந்து, சமாதானம் பேசி வெளியே அழைத்துச் சென்றார்கள். திருத்தூதர் பணி நூல் 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீட்டில் எடுத்துப் பாருங்கள்.

நள்ளிரவில் பாடிய வாய்தான் காலையில் நியாயம் கேட்டது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடம் சிக்கிய பெண்ணைப் பார்த்து, 'சிலுவை என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளம்மா' என்று புத்தி சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் புத்தியைச் சின்னப்பர் தமக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அடிபட்டவர் முகத்தில் புன்னகையை ஒட்டவைப்பது விசுவாசமாகாது.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தின் வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. நட்டாலத்து நீலகண்டனாக அவர் இருந்த காலத்தில் கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, குடும்பம் நொடித்தது. அந்த மனக்கலக்கத்தில் அவருக்கு ஆறுதலாக வந்தவர் டிலனாய். அவரே 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர். பிறகு அதே மன்னருக்குப் படைத்தலைவராகச் சேவை செய்தவர். யோபின் சரித்திரத்தை எடுத்துச் சொல்லித் தேற்றினார் என்பது வரலாறு. இழந்தவனுக்கு இழந்தவன் சொன்ன ஆறுதல் என்பதால்தான் அது நெஞ்சில் பதிந்தது என்று நான் நினைக்கிறேன். அதோடு, யோபு வாய்மூடிப் பொறுத்தவர் அல்ல. பிறந்த நாளைச் சபித்தார், கடவுளோடு வழக்காடினார். முடிவில் கடவுள் கண்டித்தது யோபின் நண்பர்களைத்தான். பாவம் செய்திருப்பாய், அதனால்தான் துன்பம் என்று விளக்கம் சொன்ன நண்பர்களை! வீட்டில் நோய்நொடி என்றதும் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல ஓடிவருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர் நீத்தார். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மீண்டும் பிலிப்பியருக்கு வருவோம். அந்தத் திருமுகம் உண்மையில் ஒரு நன்றிக் கடிதம். சின்னப்பர் சிறையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்ட அந்தப் பங்கு மக்கள் தங்களால் இயன்றதைத் திரட்டி, எப்பப்பிரோதித்து என்பவரிடம் கொடுத்தனுப்பினார்கள். கொண்டுசென்றவர் நோயுற்றுச் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். அவர்கள் பணக்காரர்கள் அல்லர். மக்கதோனியாச் சபைகளின் வறுமையைக் கொரிந்தியருக்கு எழுதும்போது சின்னப்பரே சொல்கிறார். பசித்திருக்கவும் தெரியும், நிறைவோடு இருக்கவும் தெரியும் என்று எழுதுகிறவர், அடுத்த மூச்சிலேயே, இருந்தாலும் என் துன்பத்தில் நீங்கள் பங்கு கொண்டது நல்லது என்கிறார். அவர் மகிழ்ச்சி ஆண்டவரிடமிருந்து வந்தது. ஆனால் எப்பப்பிரோதித்துவின் கையில் இருந்த மூட்டையோடும் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. ஆண்டவரில் மகிழுங்கள் என்று நான்காம் அதிகாரத்தில் சொல்கிறாரே, அதற்கு இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா? எவோதியா, சிந்திக்கே என்ற இரண்டு பெண்களின் மனத்தாங்கல்! பெயர் சொல்லியே கெஞ்சுகிறார், ஒத்துப்போங்கள் என்று. இருவரும் அவரோடு நற்செய்திக்காகப் பாடுபட்டவர்கள். இரண்டு பேரின் பிணக்கு ஒரு பங்கின் மகிழ்ச்சியைத் தடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தேர் எந்தத் தெருவழியே முதலில் போவது என்பதற்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் இந்த யூபிலி ஆண்டிலாவது இதை வாசிக்கக் கூடாதா?

நேரமாகிவிட்டது, தேநீர் ஆறுகிறது என்று மணியக்காரர் சைகை காட்டுகிறார். ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். வின்சென்ட் தே பவுல் சபையின் பெட்டி கோவிலின் தென்புற வாசலில் இருக்கிறது. போடுவதற்கு இல்லாதவர்கள், பக்கத்து வீட்டில் யார் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் போட்டாலும் போதும். உங்கள் பெயர் வேண்டியதில்லை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பெட்டியைத் திறப்பார்கள்.