பிரேக்கில் ஏர் எடுப்பது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் எங்கள் பிரம்மதேசம் பக்கம் சில வீட்டு வாசல்களில் அது இன்னும் நிற்கிறது. உள்ளூரில் மெதுவாக ஓட்டும்போது தெரியாத பிரேக் குறை, திண்டிவனம் - விழுப்புரம் நெடுஞ்சாலையில் முன்னே போகிற லாரி திடீரென்று நிற்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

பாஸ்கல் விதி படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும். பிரேக் ஆயில் செய்வது அதைத்தான். குழாயில் காற்று புகுந்தால், நம் மிதி காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்து, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்து, "மிதிச்சிட்டேன்" என்று சொல்லி அப்படியே பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளை அரைச் சுற்று திறந்து, குமிழி வந்ததும் மூடி, "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இப்படியே. நடுவில் ஆயில் டப்பா காலியாகவே கூடாது. வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிக் கெடும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சினால் 140 வரைகூட இறங்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

முக்கியமான ஒன்று. மூடிய குழாயில் காற்று சும்மா வராது. டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமா என்று பாருங்கள். கசிவை விட்டுவிட்டு ஏர் மட்டும் எடுத்தால், பெடல் நாலு நாள் நன்றாக இருக்கும். அந்த நம்பிக்கையில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்புவோம். ஆபத்து அங்கேதான். கசிவு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டி, சரிசெய்த பிறகே வண்டியை எடுங்கள்.