கடலோரத்தில் ஓர் இல்லம்

(விராலிமலையில் கூடிய நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பினாங்கிலே கடலோரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டுக் குடிபுகுந்த வரலாற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எங்களைப் பணித்தார்கள். கற்றறிந்தோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையில், சுண்ணாம்பையும் மணலையும் பற்றிப் பேச எழுந்து நிற்பது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. நாங்கள் என்று சொல்வது எம்மையும் எம் இல்லாளையும் சேர்த்தே. அவரும் தாய்மார்களிடையே அமர்ந்திருக்கிறார். பிழை நேரின் அவர் அவ்விடத்திலேயே திருத்துவார் என்பதைச் சபையோர் அறிந்துகொள்ள வேண்டும்.

சென்ற முறை நாங்கள் ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் பெரிய அத்தையார் கேட்ட கேள்வியொன்று உண்டு. "மலையடிவாரத்தில் உன் பாட்டனார் கட்டின வீடு பூட்டிக் கிடக்கிறது. வாசலில் மயில்தான் உலவுகிறது. நீ என்னவோ சமுத்திரத்துக்கு அப்பால் போய், யாரோ கட்டின சுவருக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருக்கிறாயே, இது எந்த நியாயமப்பா?" என்றார்கள். அன்று நாங்கள் விடை கூறவில்லை. இன்று பேசப்போவதில் ஒரு பகுதி அதற்கு விடையென்று கொள்ளலாம். முழு விடை எங்களிடம் இப்போதும் இல்லை.

பினாங்கு நம்மவர்க்குப் புதிய தேசமன்று. 1786-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே கொடி நாட்டிய காலத்தை ஒட்டியே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழர் போய்ச் சேர்ந்தனர். நகரத்தார் தண்ணீர்மலையில் 1857-ஆம் ஆண்டில் முருகனுக்கு ஆலயம் எடுத்தனர். 1926-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய ஐம்பதாண்டு காலம் 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தது. எங்கள் பாட்டனார் அதில் தளத்துப் பிரயாணியாகப் போனவர். அவர் அங்கே சம்பாதித்தார். வீட்டை இங்கே கட்டினார். நாங்களோ உத்தியோக நிமித்தம் முப்பத்தோராண்டு அங்கே வாடகை வீட்டில் காலங்கழித்து, மக்களும் பேரக்குழந்தைகளும் அவ்விடத்தில் வேரூன்றிவிட்ட பிறகு, வீட்டையும் அங்கேயே அமைத்துக்கொள்ளத் துணிந்தோம். எங்களுக்கும் பாட்டனாருக்கும் உள்ள வேற்றுமை இவ்வளவே. அத்தையாருடைய வருத்தமும் இதனைப் பற்றியதே.

நிற்க. அயல்நாட்டார் மலேசியாவில் நிலமும் வீடும் வாங்க அவ்வந்த மாநில அரசின் சம்மதம் பெறவேண்டும். ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழ்ப்பட்டதை வாங்கவும் இயலாது. அவ்வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இங்கிருந்து பணம் கொண்டுபோக எண்ணும் இளைஞர்கள், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலருக்கு மேற்படாமலே வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதையும் கருத்தில் வைக்க வேண்டும். வழக்கறிஞரைப் பாராமல் முன்பணம் கொடுத்தல் கூடாது. இவ்விஷயத்தில் இதற்கு மேல் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை.

கடலோரம் என்பதும் நிலையான பொருளன்று. பினாங்கில் 'கர்னி டிரைவ்' என்றொரு சாலை உண்டு. 1951-ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆங்கில உயர் ஆணையர் ஹென்றி கர்னியின் பெயரால் அதனை வழங்குகின்றனர். அச்சாலையில் அலையோசைக்கு ஆசைப்பட்டு வீடு கொண்டவர்கள், நாளடைவில் எதிரே சேறு படிந்து கிடப்பதைக் காண நேர்ந்தது. பிறகு அதற்கு முன்னாலும் கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டனர். ஆகையால் ஒரு வீட்டின் எதிரே கடலைக் கண்டு விலை பேசுவோர், அக்கடல் அங்கே எத்தனை காலம் இருக்கும் என்று விசாரித்தல் நலம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது, சுமத்ரா தீவு இடையே நின்று பெருவேகத்தைத் தடுத்ததனால் பினாங்கு பேரழிவினின்று தப்பியது. ஆயினும் வடகரையிலும் மேற்கரையிலும் உயிர்கள் மாண்டன. அத்தினத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அண்டை வீட்டாரைக் கேட்டறிந்த பின்னரே நாங்கள் கையொப்பமிட்டோம். மின்சாரப் பொத்தான்களை எல்லாம் மார்பளவு உயரத்தில் வைத்ததும் அதுபற்றியே.

இனி எங்கள் பேதைமையைச் சொல்லவேண்டும். வீடு பழையது, செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, நடுவே நம் வீடுகளில் உள்ளது போன்ற ஒரு சிறு முற்றம். கீழ்ச்சுவர்களில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. தமிழிலே ஓதம் என்றால் கடலலை என்றும் பொருள்; ஈரம் என்றும் பொருள். நம் முன்னோர் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்ததன் பொருத்தத்தை நாங்கள் பணம் செலவிட்டு அறிந்தோம். ஒரு குத்தகைக்காரர் வந்து பார்த்து, பழைய பூச்சைக் கொத்தியெடுத்துக் கெட்டியாகச் சிமெண்டு பூசி, மேலே உயர்ந்த வர்ணம் தீட்டினால் ஈரம் உள்ளே வராது என்றார். நாங்களும் சம்மதித்தோம். ஐந்து மாதத்தில் வேலை முடிந்து வீடு பளபளவென்று நின்றது. கிருகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் புகழ்ந்தார்கள். ஓராண்டு நிறைவதற்குள் சுவர் வீங்கி, உப்புப் பூத்து, ஒருநாள் இரவு பூசையறைச் சுவரின் பூச்சு ஆளுயரத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த செங்கல்லைத் தொட்டால் மாவாக உதிர்ந்தது.

இதற்குக் காரணம் யாதெனில், தரையிலுள்ள உப்பு நீரில் கரைந்து சுவருக்குள் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சாயின் ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பும் பூச்சின் முகத்தில் வந்து படியும். பூச்சு சற்றுத் தேய்ந்தாலும் செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்டோ ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்துகிறது. நீர் மேலும் மேலும் ஏறிப் போக்கிடம் தேடுகிறது. உலரும்போது உப்பு சுவரினுள்ளேயே மணிமணியாக இறுகிப் பருத்துச் செங்கல்லைப் பிளக்கிறது. நாங்கள் வெளியே நிறுத்த எண்ணிய ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினோம் என்பதே உண்மை.

மறுபடியும் செப்பனிட எங்களிடம் பணமில்லை. எம் இல்லாள் தம் தாய்வீட்டு நகைகளில் ஒரு பகுதியை விற்றுக் கொடுத்தார். இதைச் சபையில் சொல்லவேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டார். சொல்லாமல் விடுதல் நன்றியன்று. ஒரு முதிய சீனக் கொத்தனார் கிடைத்தார். அவர் சிமெண்டு முழுவதையும் சுரண்டச் செய்து, சுவரை மாதக்கணக்கில் வெறுமனே உலரவிட்டார். நீற்றிய சுண்ணாம்பை நெடுநாள் தண்ணீரில் ஊறவைத்து, உப்பில்லாத மணலைச் சேர்த்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசினார். ஒவ்வொரு பூச்சும் விரைந்து காயாதிருக்க நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டார். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்து நம் ஊரில் காரை அரைத்த விதத்தை எங்களுக்குத் தெரிந்தவரை அவருக்கு விளக்கினோம். அவர் தலையசைத்துவிட்டு, "உங்களுக்கு இது முன்பே தெரியுமென்றால் சிமெண்டு ஏன் பூசினீர்கள்?" என்று மலாயில் கேட்டார். நாங்கள் வாய் திறக்கவில்லை.

மரவேலையில் ஒரு வேடிக்கை. உத்தரத்தின் முனைகளைக் கறையான் அரித்திருந்தது. தச்சர் வந்து 'செங்கால்' வைத்தால்தான் நிற்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உத்தரத்துக்குச் செங்கல் எதற்கு என்று நாங்கள் வாதாடினோம். அது அந்நாட்டில் வளரும் மிக வலிய மரத்தின் பெயரென்பது அரைமணி நேரம் கழிந்தே விளங்கிற்று. மலாய் மொழியில் நம் சொற்களும் பல கலந்திருக்கின்றன. சாமான்களை ஏற்றியிறக்க உதவிய பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தார் கட்டிலைக் 'காத்தில்' என்றும், பெட்டியைப் 'பெத்தி' என்றும் சொல்லக் கேட்டு எங்கள் பேரப்பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். அக்குடும்பத்தாரே எங்களுக்குக் கடற்காற்றின் குணத்தைக் கற்பித்தவர்கள். இரும்பு ஆணியைப் பிடுங்கிப் பித்தளைத் திருகாணி போடச் சொன்னார்கள். சன்னல்களை எந்நேரத்தில் திறக்கவேண்டும், எந்நேரத்தில் சாத்தவேண்டும் என்று காட்டினார்கள். தீபாவளிக்கு அவர்கள் எங்கள் வீட்டிலும், நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் அவர்கள் வீட்டிலும் உண்கிறோம்.

வீடு இப்போது நிலைத்து நிற்கிறது. இடுப்பளவுக்கு வெண்சுண்ணாம்பை ஆண்டுதோறும் நாங்களே அடிக்கிறோம். பூசையறையில் விராலிமலை முருகன் படம் இருக்கிறது. விடியற்காலத்தில் கதவைத் திறந்தால் படத்தின் கண்ணாடியில் உப்புப் படர்ந்திருக்கும். அதைத் துடைப்பது எம் இல்லாளின் முதல் வேலை.

ஆனால் அத்தையாரின் கேள்வி நீங்கவில்லை. இம்முறை வந்து மலையடிவாரத்து வீட்டைத் திறந்தோம். முற்றத்து ஓடுகள் சரிந்திருக்கின்றன. தூண்கள் உறுதியாகவே இருக்கின்றன. செட்டிநாட்டிலே பூட்டிக் கிடந்த மாளிகைகள் பல, பங்காளிகள் ஒவ்வொருவராய் ஒதுங்கிய பின் பிரிக்கப்பட்டு, கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைபோவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். எங்களிடமும் இருவர் தூண்களுக்கு விலை கேட்டு வந்தனர். அயலூரில் யாரோ கட்டிய சுவருக்காக நகையை விற்ற நாங்கள், பாட்டனார் நிறுத்திய தூண்களை விற்றுப் பணமெடுத்துக்கொண்டு போவதற்கு மனம் வரவில்லை. வந்து குடியிருப்போம் என்று சத்தியம் செய்யவும் இயலவில்லை.

ஆகவே ஓடுகளை மாற்றி வீட்டைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். முன்கூடத்தையும் இரண்டு அறைகளையும், பக்கத்துக் கிராமங்களிலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகள், எக்குலத்தாராயினும், மாலை வேளையில் இருந்து படிக்கும்படி விட்டிருக்கிறோம். உள்ளறை ஒன்று மட்டும் எங்களுக்கு. விளக்கேற்றும் பொறுப்பை அத்தையார் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்கும்போதும் எங்களைக் கடிந்துகொள்ளத் தவறவில்லை. சாவி காரியதரிசி அவர்களிடம் இருக்கிறது. கிணற்றுப் பக்கத்துச் சுவரில் சற்று ஈரம் தெரிகிறது. அதற்கு யாரும் சிமெண்டு பூசிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம், சுண்ணாம்பு ஊறவைத்திருக்கிறோம்.