பொம்மை பேச வேண்டாம், நாம் பேசுவோம்



ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. உறவினர்கள் பரிசுகளோடு வருகிறார்கள். பிரித்துப் பார்த்தால், பொத்தானை அழுத்தியதும் பாடும் நாய்க்குட்டி, ஆங்கில எழுத்துகளைச் சொல்லும் பொம்மைத் தொலைபேசி! அன்போடு தருகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பொம்மையே எல்லாவற்றையும் பேசிவிட்டால் அம்மாவும் அப்பாவும் எப்போது பேசுவது?

அமெரிக்காவின் வட அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆனா சோசா, 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் பெற்றோருடன் விளையாடுவதை ஆராய்ந்தார். முடிவு 2015இல் வெளிவந்தது. பேட்டரி பொம்மையோடு விளையாடியபோது பெற்றோர் நிமிடத்திற்குச் சுமார் 40 சொற்களே பேசினார்கள். புத்தகத்தோடு அமர்ந்தபோது சுமார் 67 சொற்கள்!

நம் சிங்கப்பூரில் இது இன்னும் முக்கியம். வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5 விழுக்காடு. பாட்டி தமிழில் கேட்க, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் காட்சி நமக்குப் புதிதல்ல. கடையில் விற்கும் பாட்டுப் பொம்மைக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்குத் தெரியும்.

அப்படியானால் எதை வாங்கலாம்? பிறந்த குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 செண்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும் தாயின் முகம் இருக்கும் தூரம் அது. ஆகவே முதல் சில மாதங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ள துணிப் புத்தகமும் ஒரு கிலுகிலுப்பையும் போதும். பிறகு, கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டைப் புத்தகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கிண்ணங்கள்.

பாதுகாப்பையும் மறக்கவேண்டாம். வாய்க்குள் போகும் அளவு சிறிய பாகங்கள் கூடாது. பொத்தான் போன்ற சிறு பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

தமிழில் நல்ல குழந்தைப் புத்தகம் எங்கே என்று கேட்கலாம். நூலகத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் இருக்கின்றன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இலவசமாக இரவல் பெறலாம். அதுவும் கிடைக்காவிட்டால், எந்த மொழிப் படப்புத்தகமானாலும் எடுங்கள், படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லுங்கள். யானை எந்தப் புத்தகத்திலும் யானைதானே!

குழந்தை பிறக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஏழாம் மாதத்தில் வயிற்றிலுள்ள குழந்தைக்கு வெளிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கும். பிறந்த சில நாட்களிலேயே அது தாயின் குரலை அடையாளம் காணும். இன்றிரவே ஒரு கதையைச் சத்தமாக வாசியுங்கள். அப்பாவும் வாசிக்கட்டும்.

அடுத்த வளைகாப்புக்குப் போகும்போது வளையலோடு ஒரு தமிழ்ப் புத்தகமும் கொண்டுபோவோம்.