பக்லியின் “இப்போதைக்கு”
(பொதுக்கூட்டத்தில் பேசியதின் சாரம்)



அமெரிக்காவில் வில்லியம் பக்லி என்று ஒரு பத்திராதிபர் இருந்தார். 1925ல் எண்ணெய்க் கிணற்று முதலாளி வீட்டில் பிறந்தவர். யேல் சர்வகலாசாலையில் படித்துவிட்டு, 1951ல் அந்தச் சர்வகலாசாலையையே கண்டித்து ஒரு புஸ்தகம் எழுதினார். குற்றம் என்னவென்றால், அங்குள்ள ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குக் கடவுள் நம்பிக்கையையும் தனிச்சொத்து முறையையும் ஊட்டுவதில்லையாம்! 1955ல் “நேஷனல் ரிவ்யூ” என்னும் பத்திரிகையை ஆரம்பித்தார். பழமைக் கட்சியாருக்கு அதுவே வேதமாயிற்று. மனிதர் கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. 1966 முதல் 1999 வரை டெலிவிஷனில் எதிரிகளைக் கூப்பிட்டு வைத்து வாதாடியவர். எத்தனை வைதீகர்களுக்கு இந்தத் தைரியமுண்டு?

நிற்க, 1957ல் தென் மாகாணங்களிலுள்ள கறுப்பு மக்கள் ஓட்டுரிமை கேட்டபோது அவர் பத்திரிகை என்ன எழுதிற்று தெரியுமா? வெள்ளையர் எண்ணிக்கையில் குறைந்துள்ள இடத்திலும் ஆதிக்கம் அவர்களுக்கே உரியது. ஏனெனில் இப்போதைக்கு அவர்களே முன்னேறிய இனத்தார் என்று தலையங்கம் தீட்டிற்று. தோழர்களே, அந்த “இப்போதைக்கு” என்பதைக் கவனியுங்கள்! பள்ளிக்கூடத்தைப் பிரித்து வைத்தவன் யார்? ஓட்டுக்குப் பரீட்சை வைத்து, அதற்கு மார்க்கும் போட்டவன் யார்? கிணற்றில் தண்ணீர் மொள்ளவிடாமல் தடுத்தவனே, “நீ அழுக்காயிருக்கிறாய், குளித்துவிட்டு வா” என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1965 பிப்ரவரியில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத்தில் ஜேம்ஸ் பால்ட்வின் என்னும் கறுப்பு எழுத்தாளரோடு பக்லி வாதுக்கு நின்றார். பால்ட்வின் ஏழை வீட்டுப் பிள்ளை; காலேஜ் வாசலை மிதியாதவர். அமெரிக்காவின் சுகவாழ்வு கறுப்பர் உழைப்பைச் சுரண்டி வந்ததே என்பது அவர் கட்சி. அவர் பேசி உட்கார்ந்ததும் சபையோர் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். மிசிசிப்பியில் கறுப்பருக்கு ஓட்டுக் கொடுத்தாலென்ன என்று ஒருவர் குறுக்கே கேட்க, அங்கே ஓட்டுப் போடும் வெள்ளையர்தான் அதிகமாகிவிட்டார்கள் என்று பக்லி சாதுரியமாய்ச் சொன்னார். சிரிப்புக் கிடைத்தது, ஓட்டுக் கிடைக்கவில்லை. பால்ட்வினுக்கு 544, பக்லிக்கு 164!

அதே வருஷம் ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அதுவரை மிசிசிப்பிக் கறுப்பரில் 100க்கு 7 பேர்கூட ஜாபிதாவில் இல்லை. 1967க்குள் 100க்கு 59 பேர் ஏறிவிட்டார்கள். “முன்னேற்றத்துக்கு” இரண்டே வருஷந்தான் பிடித்தது!

1991ல் பக்லிக்கு ஜனாதிபதியின் பதக்கம் கிடைத்தது. 2004ல், தமது 78-வது வயதில், தானாகவே சரியாகிவிடுமென்று நம்பியது தவறு, மத்திய சர்க்கார் தலையிட்டது அவசியமே என்று ஒப்புக்கொண்டார். அது யோக்கியமான காரியந்தான். ஆனால், தலையங்கம் எழுதி 47 வருஷமாயிற்று. 1957ல் ஓட்டுக் கேட்டுத் திருப்பியனுப்பப்பட்ட கிழவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க இருந்தார்கள்?