ருஷியத் திட்டமும் கேள்வி கேட்கும் உரிமையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சோவியத் ருஷியாவின் தொழில் வளர்ச்சியைப் பற்றியாகும். 1991-ல் கலைந்துபோன ஆட்சியைப்பற்றி மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இப்போது என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். அதில் நமக்குப் படிப்பினை இருப்பதாலேயே பேசுகின்றோம்.

1928-ல் அத்தேசத்தார் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அவ்வருஷம் அங்கு உண்டான எஃகு சுமார் 43 லட்சம் டன். 1940-ல் அது சுமார் 183 லட்சம் டன் ஆயிற்று. 1932-ல் நீப்பர் நதியில் பெரிய நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிற்று. அதே வருஷத்தில்தான் பெரியாரும் தோழர் எஸ்.இராமநாதனும் ருஷியா சென்று பார்த்து வந்தார்கள். இவ்வளவும் எந்தக் கடவுள் கொடுத்த வரம்? எந்த யாகத்தின் பலன்? மனிதனுடைய உழைப்பும் படிப்பும் இயந்திரமுமே அன்றி வேறில்லை. தரித்திரம் தலைவிதியல்ல என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

நிற்க. ஒரு பக்கத்தை மாத்திரம் சொல்லுவது பகுத்தறிவாகாது. இயந்திரம் வாங்கத் தானியத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே 1932, 1933 வருஷங்களில் உக்ரைன் முதலிய இடங்களில் லட்சக்கணக்கான குடியானவர்கள் பட்டினியால் மாண்டார்கள். 1937-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில், சர்க்கார் எதிர்பார்த்ததைவிடத் தலைகள் குறைந்திருந்தன. உடனே கணக்கைத் தள்ளுபடி செய்தார்கள். எடுத்த அதிகாரிகளைச் சிறையிலிட்டார்கள். சிலரைச் சுட்டும் கொன்றார்கள். குற்றம் திட்டம் போட்டதில் இல்லை. திட்டத்தை எவனும் கேள்வி கேட்கக் கூடாது என்றதில்தான் இருக்கின்றது.

இது தூரத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். கிண்டியைத் தாண்டினால் நந்தம்பாக்கம். அங்கு 1960-களில் ருஷிய உதவியால் ஆபரேஷன் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஏற்பட்டது. அதே ருஷிய உதவியால் நெய்வேலியில் எழுந்த அனல்மின் நிலையம் 1962 முதல் பல வருஷம் நன்றாகப் பயன்பட்டது. ஆனால் நந்தம்பாக்கத்துக் கருவிகளோ, நம் டாக்டர்களின் கைக்குப் பழகிய மாதிரியாக இல்லாமல் தேங்கிப்போயின. ஏன்? மின்சாரம் எந்த வீட்டு விளக்கையும் ஒன்றுபோல எரிக்கும். கத்தி செய்வதானால் பிடிக்கிறவன் கையையல்லவா கேட்கவேண்டும்?

ருஷியாவிலும் இதேதான் நடந்தது. 1980-களில் உலகிலேயே அதிக எஃகு செய்த அந்நாட்டில், ஜனங்கள் நல்ல செருப்புக்கும் இறைச்சிக்கும் கடைவாசலில் வரிசையாக நின்றார்கள். டன் கணக்கு எழுத ஆள் இருந்தது. செருப்பு காலுக்குப் பொருந்துகிறதா என்று கேட்க ஆள் இல்லை.

ஆகவே தோழர்களே! சாஸ்திரத்தை ஏன் என்று கேட்கப் பழகிய நாம், திட்டத்தையும் ஏன் என்று கேட்கவேண்டும். உங்கள் தெருவுக்குச் சாலை வந்தாலும், ஊருக்குத் தொழிற்சாலை வந்தாலும், யாருக்காக, எவ்வளவு செலவில், கணக்கு எங்கே என்று கேளுங்கள். கேட்பவனைத் துரோகி என்று சொல்லுகிறவன் பூணூல் போட்டிருந்தாலும் சரி, சிவப்புச் சட்டை போட்டிருந்தாலும் சரி, அவன் புரோகிதனேயாவான்.